‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே?’ – ஏ.எஸ். உள்ளவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு ஏ.எஸ். இருக்கிறது. முழுப் பெயர் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில், பின்பக்கம் இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. சேக்ரோ இலியாக் மூட்டு என்பார்கள், சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. அங்கே ஆரம்பித்து முதுகெலும்பு வழியாக மெல்ல மேலே ஏறுகிற நாள்பட்ட அழற்சி நோய் இது. எனக்கு 24 வயதில் வலி வந்தது, 31 வயதில்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. நடுவில் திருச்சியிலும் சென்னையிலுமாக ஐந்து ஸ்பெஷலிஸ்ட்டுகளைப் பார்த்துவிட்டேன்.

தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். பாதிப் பேர் கேட்பது மருந்தைப் பற்றி இல்லை. “டாக்டர் நம்ப மாட்டேங்கிறார், என்ன பண்றது?” என்றுதான். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பதினொரு வருட நோயாளி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு வலிக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், சிக்கலே அங்குதான். “ஒன்றுமில்லை” என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் “நான் பார்த்த டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை” என்றுதான் அர்த்தம். ஆனால் நம் காதில் விழுவது “நீ பொய் சொல்கிறாய்” என்று.

இந்த நோயில் டெஸ்ட் நார்மலாக வருவது அபூர்வம் இல்லை. எக்ஸ்ரேயில் எஸ்.ஐ. மூட்டு அரிக்கப்பட்டோ ஒட்டிப்போயோ தெரிவதற்கு வலி தொடங்கிப் பல வருடங்கள் ஆகலாம். 1984இல் திருத்தி எழுதப்பட்ட நியூயார்க் விதிகள் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தால்தான் ஏ.எஸ். என்று சொல்லச் சொன்னன. அதற்கு முன்னாலேயே நோயைப் பிடிக்க வேண்டும் என்றுதான் 2009இல் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துப் புது வரையறை வந்தது. பழைய கண்ணோடு பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியைக் காட்டும் அளவுகள். ஏ.எஸ். உள்ளவர்களில் கணிசமான பேருக்கு நோய் வேகமாக இருக்கும்போதுகூட இவை நார்மலாகவே வரும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு டெஸ்ட் இன்னொன்று. இதற்கும் ஏ.எஸ்.ஸுக்கும் உள்ள தொடர்பு 1973இலேயே தெரிந்துவிட்டது. பாசிட்டிவ் என்றாலே நோய் என்று கிடையாது, அந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிட்டேன். அதிலும் ஒன்றும் இல்லையே?

எந்த எம்.ஆர்.ஐ. என்று பாருங்கள். போன் செய்பவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கவரை எடுத்து மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர் “எல்.எஸ். ஸ்பைன்” என்று படிப்பார்கள்.

எல்.எஸ். ஸ்பைன் ஸ்கேன் கீழ்முதுகைப் பார்க்க எடுப்பது. டிஸ்க் நகர்ந்திருக்கிறதா, நரம்பை அழுத்துகிறதா என்று அதில் தெரியும். எஸ்.ஐ. மூட்டு அதில் ஒழுங்காக விழாது, விழுந்தாலும் ஓரத்தில் கொஞ்சம். அழற்சி இருக்கிறதா என்று தெரிய எஸ்.ஐ. மூட்டுகளுக்கென்று தனியாக ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலும் ஸ்டிர் என்ற முறையில் எடுத்த படங்கள் வேண்டும். எலும்புக்குள் நீர் கோத்திருந்தால் அந்தப் படத்தில்தான் வெள்ளையாக மின்னும்.

எனக்கு மூன்று வருட இடைவெளியில் இரண்டு எல்.எஸ். ஸ்பைன் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டிலும் “லேசான டிஸ்க் பல்ஜ்” என்று வந்தது. இந்த ஊரில் முப்பது தாண்டிய யாரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தாலும் லேசான பல்ஜ் இருக்கும் என்று பின்னால் ஒரு டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பல்ஜுக்காக நான் எட்டு மாதம் இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்படியென்றால் எல்லா முதுகுவலியையும் ஏ.எஸ். என்று சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். முதுகுவலியில் பெரும்பகுதி சாதாரண வலிதான், சில வாரத்தில் போய்விடும். அழற்சி வலிக்கு என்று ஒரு நடத்தை உண்டு. நாற்பது வயதுக்கு முன்னால், எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாதபடி மெல்லத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். படுத்தால் குறையாது, நடமாடினால் குறையும். பின்னிரவில் எழுப்பிவிடும், எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு பலகையாக இருக்கும்.

என் கதையைச் சொன்னால் புரியும். விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வரும். நேராக எழுந்து உட்கார முடியாது. பக்கவாட்டில் உருண்டு, கட்டில் ஓரத்துக்கு வந்து, பீரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். பிடித்துப் பிடித்து அந்தக் கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஹாலில் இருபது நிமிடம் நடந்தால் மறுபடி படுக்க முடியும். பத்து மணிக்கு ஆபீஸில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாகவே இருப்பேன். டாக்டர் என்னைப் பார்ப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் குனிந்து தரையைத் தொடச் சொன்னால் தொட்டுவிடுவேன்!

எந்த டாக்டரிடம் போவது?

ருமட்டாலஜிஸ்ட். தமிழில் வாதநோய் நிபுணர், மூட்டு வாத மருத்துவர் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. எலும்பு டாக்டர் அடிப்படையில் அறுவை சிகிச்சை செய்கிறவர். உடைந்ததை, தேய்ந்ததை, நழுவியதைச் சரிசெய்வது அவர் வேலை. முதுகு வலித்தால் நாம் முதலில் போவதும் அவரிடம்தான், அதில் தப்பில்லை. அங்கேயே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

தனியாரில் பணம் கட்ட முடியாது என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே துறை இருக்கிறது. மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், இந்தப் பிரிவு எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊரில் கழுத்துவலி, எலும்புத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் “ஸ்பாண்டிலைட்டிஸ்” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ், வயசானால் வரும் தேய்மானம். நீங்கள் “எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்” என்றால் “எனக்கும்தான், ரெண்டு மாசம் காலர் போட்டேன், சரியாப்போச்சு” என்று பக்கத்து சீட்காரர் சொல்வார். இந்த ஒரு எழுத்துக் குழப்பத்தால் சொந்தக்காரர்களிடம் நான் இழந்த அனுதாபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது “முதுகெலும்பில் வாதம்” என்று சொல்லிவிடுகிறேன். அது சரியாகப் போய்ச் சேருகிறது.

டாக்டர்கள் ஏன் காது கொடுத்துக் கேட்பதில்லை?

கோபத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு நேரத்தைக் கணக்குப் போடுங்கள். பொது மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. இந்தியா இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே நின்றது. ஸ்பெஷலிஸ்ட் கொஞ்சம் கூடக் கொடுப்பார், ஆனால் வெளியே டோக்கன் எழுபதைத் தாண்டியிருக்கும். மூன்று நிமிடத்தில் ஏழு வருட வலியைச் சொல்லி முடிக்க யாராலும் முடியாது. கேட்டு முடிக்கவும் முடியாது.

அடுத்தது, ஒவ்வொரு ஸ்பெஷலிஸ்ட்டும் தன் உறுப்பைப் பார்க்கிறார். இந்த நோய் முதுகில் இருக்கும், கண்ணில் வரும், குதிகாலில் வரும், சிலருக்குக் குடலிலும் தோலிலும் வரும். குதிகால் வலிக்கு எலும்பு டாக்டர் செருப்பை மாற்றச் சொன்னார். கண் சிவந்ததற்குக் கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். தூக்கம் இல்லாததற்கு இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். மூன்று சீட்டுகளும் என் ஃபைலில் அடுத்தடுத்து இருந்தன. ஒருவரும் முன் பக்கத்தைப் புரட்டவில்லை.

மூன்றாவது காரணம் பெண்களுக்கு. இது ஆண்கள் நோய் என்றுதான் நெடுங்காலம் பாடத்தில் இருந்தது. பத்து ஆணுக்கு ஒரு பெண் என்று படித்து வந்தவர்கள் இன்னும் பிராக்டிஸ் செய்கிறார்கள். இப்போது அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத ஆரம்ப நிலையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். பெண்களுக்கு முதுகெலும்பு ஒட்டுவது மெதுவாக நடக்கிறது, வலி கழுத்து, தோள், கைகால் என்று பரவலாக வருகிறது. அதனால் “உடம்பெல்லாம் வலிக்குதுங்கிறா” என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். என்னைப் பார்த்த இரண்டாவது டாக்டர், என் அம்மாவிடம் திரும்பி, “கல்யாணத்துக்குப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார். கல்யாணமும் ஆனது.

நோய் தெரிய ஆறேழு வருடம் ஆவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை, உலகம் முழுக்கச் சராசரி அதுதான். எனக்குத் தெரிந்தபோது அது ஒரு மாதிரி ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்த மூன்று நிமிடத்தில் என்னதான் சொல்வது?

“ரொம்ப வலிக்குது டாக்டர்” என்று ஆரம்பிக்காதீர்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் எழுபது பேரும் அதையேதான் சொல்லப்போகிறார்கள். வலியின் அளவைவிட வலி வரும் நேரமும் அது உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்பதும்தான் டாக்டருக்குத் துப்பு.

ஐந்தாவது டாக்டரிடம் நான் சொன்னது இது: “மூணு வருஷமா தினமும் விடிகாலை மூணு மூணரைக்கு இடுப்பு வலியில எழுந்துடறேன். நடந்தா குறையுது, படுத்தா கூடுது. காலையில ஒரு மணி நேரம் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது. வலி மாத்திரை போட்ட ரெண்டு நாள்ல நல்லா இருக்கு, நிறுத்தினா திரும்ப வருது. போன வருஷம் வலது கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியல. சித்தப்பாவுக்கு முதுகு வளைஞ்சிருக்கும்.” நாற்பது நொடிகூட ஆகவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சித்தப்பாவுக்கு எந்த வயசுல?” என்று கேட்டார். ஏழு வருடத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் என்னிடம் கேட்ட முதல் எதிர்க்கேள்வி அது.

இதை வீட்டில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே ஒரு தாள். டாக்டர் கையில் கொடுத்தால் படிப்பார், நாம் வாயால் சொன்னால் நடுவில் நிறுத்துவார். எனக்கு இதுதான் அனுபவம். நெட்டில் எடுத்த பிரிண்ட் அவுட்டை மட்டும் மேலே வைக்காதீர்கள். “எனக்கு ஏ.எஸ். இருக்குன்னு நினைக்கிறேன்” என்று ஆரம்பிப்பதைவிட “இது அழற்சி வலியா இருக்குமா டாக்டர்?” என்று முடிப்பது நல்லது. இதைக் கூழைக்கும்பிடு என்று என் தம்பி திட்டுவான். இருக்கட்டும், எனக்கு ஸ்கேன் சீட்டு கிடைத்தது.

நோய் உறுதியானவர்கள் பாஸ்டாய் என்ற ஆறு கேள்விப் பட்டியலை நிரப்பிக்கொண்டு போகலாம். இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவமனையில் உருவானது, 1994இல் வந்தது. அசதி, முதுகுவலி, மற்ற மூட்டு வலி, தொட்டால் வலிக்கும் இடங்கள், காலை இறுக்கம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று ஆறையும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் அடங்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். “போன தடவை 3, இந்தத் தடவை 6” என்று சொல்லிப் பாருங்கள். புலம்பலுக்கு இல்லாத மரியாதை நம்பருக்கு உண்டு.

கூட யாரையாவது அழைத்துப் போகலாமா?

போங்கள். ஆனால் யார் பேசப்போகிறீர்கள் என்று வெளியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என் கணவர் வந்தால் டாக்டர் அவரைப் பார்த்துத்தான் பேசுவார், அவரும் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிடுவார். “தூங்கறாங்களா?” “நல்லா தூங்கறா சார்.” மூன்றரை மணிக்கு அவர்தான் தூங்குகிறார்! இப்போது எங்களுக்குள் ஏற்பாடு, அவர் தாளில் குறித்துக்கொள்வார், நான் பேசுவேன். ஒரே ஒரு வரி மட்டும் அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன்: “இவ ராத்திரி நடக்கறத நான் பார்த்திருக்கேன் சார்.” பார்த்த சாட்சி சொல்லும்போது அதன் எடை வேறு.

கன்சல்டிங் ரூமில் அழுகை வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் ‘டென்ஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. அழுது முடிக்கும்வரை அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சீட்டில் மனப்பதற்ற மாத்திரை இருந்தது. பின்னால் ஒரு தடவை அழுகை வந்தபோது, “அழுறேன், ஆனா வலி முதல்ல வந்தது, அழுகை அதுக்கப்புறம்தான் வந்தது. அதை வரிசையா எழுதிக்கிறீங்களா டாக்டர்?” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. எழுதினார்.

அதே சமயம், நாள்பட்ட வலியோடு மனச்சோர்வு வருவது நிஜம். அதற்குத் தனியாக உதவி எடுத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். மனநல டாக்டரிடம் போவதால் மூட்டு நோய் பொய்யாகிவிடாது.

இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

சிலர் கோபிப்பார்கள். இருந்தாலும் அது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரெக்கார்டு கொடுக்க மாட்டேன் என்றால், இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் இருக்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அவற்றில் தெளிவாக இருக்கிறது. இதை ரிசப்ஷனில் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதி, இன்னொரு பிரதியில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். அந்த சீல் வாங்கும்போதே பெரும்பாலும் ஃபைல் வந்துவிடும்.

புது டாக்டரிடம் பழைய ஃபைலை மறைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. “புதுசா பார்க்கட்டும்” என்று. வேண்டாம். அதே டெஸ்டை மறுபடி எடுப்பதற்கு மட்டுமே அது உதவும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை (ரிப்போர்ட்டை மட்டும் இல்லை, படங்களையும்) தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். என் பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்து விளக்குப் பலகையில் மாட்டி, “அப்பவே லேசா இருந்திருக்கே” என்றார் ஐந்தாவது டாக்டர். அந்த எக்ஸ்ரேயின் ரிப்போர்ட்டில் “நார்மல்” என்று இருந்தது.

நோய் உறுதியாகி மருந்தும் எடுக்கிறேன். இப்போது வலி என்றால் ‘சி.ஆர்.பி. நார்மல், நோய் கன்ட்ரோலில் இருக்கு’ என்று அனுப்பிவிடுகிறார்.

இது இரண்டாம் கட்ட அலட்சியம். முதலாவதைவிட இதில்தான் மனது அதிகம் உடையும், ஏனென்றால் நம்பியவரே கைவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் இங்கே டாக்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஏ.எஸ். உள்ளவருக்கு வரும் எல்லா வலியும் ஏ.எஸ். வலி இல்லை. ஏற்கனவே சேதமான மூட்டு அழற்சி அடங்கிய பிறகும் வலிக்கும். தூக்கம் கெட்டு வருடக்கணக்கில் வலியோடு இருந்தால் நரம்பு மண்டலமே உஷாராகி, சின்னத் தொடுதலையும் வலியாகக் காட்டும். ஃபைப்ரோமயால்ஜியா என்று அதற்குப் பெயர், ஏ.எஸ். உள்ள கணிசமான பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கூடவே இருக்கும். அது அழற்சி இல்லை, ஆனால் கற்பனையும் இல்லை. அழற்சி மருந்தை ஏற்றினால் அது கேட்காது, வேறு வைத்தியம் வேண்டும்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது, “இது அழற்சி இல்லைன்னா வேற என்ன டாக்டர்? அதுக்கு என்ன செய்யலாம்?” என்று. “அழற்சி இல்லை” என்பதோடு பேச்சு முடியக் கூடாது. முடிந்தால் எஸ்.ஐ. மூட்டு எம்.ஆர்.ஐ. மறுபடி பார்க்கலாமா என்றும் கேளுங்கள். எனக்கு ஒருமுறை அப்படிப் பார்த்ததில் அழற்சி நிஜமாகவே இல்லை. ஒரு வாரம் முகம் தொங்கிப்போய் இருந்தேன். பிசியோதெரபி ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டேன்.

வலி மாத்திரையையே தொடரச் சொல்கிறார். ஒப்புக்குக் கொடுக்கிறாரோ?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த நோயில் மட்டும் கதை வேறு. இண்டோமெத்தசின், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்றவை இங்கே வெறும் வலி மாத்திரை இல்லை, அவையே முதல்கட்ட சிகிச்சை. பலருக்கு அவையும் உடற்பயிற்சியுமே போதுமானதாக இருக்கிறது. வயிறு, கிட்னி, பிரஷர் மூன்றையும் டாக்டர் அவ்வப்போது பார்க்க வேண்டும். “கிட்னி போயிடும்” என்று அத்தை சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அதற்கு விடை கிரியேட்டினின் டெஸ்ட், மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போடுவது இல்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பெயர் எழுதாத பொட்டலத்தில், “ஒரே வாரத்துல வலி பறந்துடும்” என்று கொடுக்கிறார்களே, அது. மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏ.எஸ்.ஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையால் முதுகெலும்புக்குப் பெரிய பலனும் கிடையாது. சித்தாவோ ஆயுர்வேதமோ எடுப்பதாக இருந்தால் படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம் எடுங்கள், என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள், அதை ருமட்டாலஜிஸ்ட்டிடமும் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

‘ஊசி போட்டுக்கலாம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது.

பயாலஜிக் ஊசிகளைச் சொல்கிறார். பெரும்பாலும் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பவை. அடாலிமுமாப் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், தோலுக்கு அடியில் நாமே போட்டுக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. எங்கள் வீட்டில் முட்டைத் தட்டுக்குக் கீழ் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. கரண்ட் போனால் கதவைத் திறக்கக் கூடாது என்பது எட்டு வயது மகளுக்குக்கூடத் தெரியும்.

விலை ஒரு காலத்தில் நினைத்தே பார்க்க முடியாததாக இருந்தது. 2014 டிசம்பரில் ஜைடஸ் நிறுவனம் இந்தியாவில் அடாலிமுமாப்பின் பயோசிமிலரை, அதாவது அதை ஒத்த நகல் மருந்தைக் கொண்டுவந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் வர, விலை நன்றாகவே இறங்கியது. இருந்தாலும் மாதச் சம்பளக்காரர்களுக்குச் சுமைதான். அதனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: விலை குறைந்த பிராண்ட் எது, இடைவெளியைக் கூட்ட முடியுமா, மாத்திரையாக வரும் டோஃபாசிட்டினிப் எனக்குப் பொருந்துமா என்று. பணம் பற்றிப் பேசினால் மரியாதை குறையும் என்று நினைத்து வாய்மூடி வந்து, இரண்டே டோஸில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். “பேஷன்ட் வரல” என்று மட்டும்தான் டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டி.என்.எஃப். ஊசி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி. கிருமியை எழுப்பிவிடும். நெஞ்சு எக்ஸ்ரேயும் மாண்டூ (தோலில் போடுவது) அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. (ரத்தத்தில் பார்ப்பது) டெஸ்டும் எடுக்காமல் ஊசி ஆரம்பிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நீங்களே கேளுங்கள்.

கண் சிவந்தால்?

அன்றைக்கே கண் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் “மெட்ராஸ் ஐ” சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், பீளை அதிகம் இல்லாவிட்டால், யுவியைட்டிஸாக, அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். ஏ.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருவது. சீக்கிரம் பார்த்தால் முழுக்கச் சரியாகும், தாமதித்தால் பார்வையே பாதிக்கலாம். ரிசப்ஷனில் “எனக்கு ஏ.எஸ். இருக்கு, யுவியைட்டிஸ் சந்தேகம்” என்று சொல்லுங்கள், டோக்கன் முன்னால் வரும்.

எப்போது டாக்டரை மாற்றலாம்?

கடுமையாகப் பேசுகிறார் என்பதற்காக மாற்றாதீர்கள். எனக்கு இப்போது பார்ப்பவரும் சிடுசிடுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் என் முதுகில் டேப் வைத்து அளக்கிறார். நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பிலிருந்து மேலே 10 சென்டிமீட்டர் குறித்துக்கொள்வார். குனிந்தால் அது 15க்காவது நீள வேண்டும். எனக்கு 13.5. அளக்கிற டாக்டரை விட்டுவிடக் கூடாது என்பது என் கொள்கை. சிரித்த முகத்தோடு ஒரு தடவைகூட என்னைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இரண்டு பேர் என் ஃபைலில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் வராது, மருந்து ஏன் மாறுகிறது என்று சொல்ல மாட்டார், மூன்று தடவை அதே சீட்டு என்றால் மாற்றுங்கள்.

ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர்களை அப்புறம் பார்த்தீர்களா?

ஒருவரை. அம்மாவின் முழங்கால் வலிக்காக அதே எலும்பு டாக்டரிடமே போக வேண்டியிருந்தது, எங்கள் பகுதியில் அவர்தான். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. அம்மாவுக்குச் சீட்டு எழுதி முடித்ததும், “சார், ஆறு வருஷம் முன்னாடி நான் உங்ககிட்ட முதுகுவலிக்கு வந்தேன். அது ஏ.எஸ்.” என்றேன். சண்டை போடத்தான் போயிருந்தேன், உண்மையைச் சொன்னால். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்ன சொன்னீங்க அப்ப எங்கிட்ட?” என்று கேட்டார். “இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேன்.” “ராத்திரி வலிக்குதுன்னு சொன்னீங்களா?” எனக்கு ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ராத்திரி வலிப்பதை யார் தனியாகச் சொல்வார்கள்? “நானும் கேட்டிருக்க மாட்டேன்” என்றார். கம்பவுண்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். நாங்கள் கதவைத் தாண்டும்போது உள்ளே அவர் குரல் கேட்டது. “எத்தனை நாளா? சரி, ராத்திரில எப்படி இருக்கு?”